பெரியவரின் கிழக்குக் கிளை

கோசிமாவுக்குக் கழுத்து வலி வந்தது ஒலிவ மரங்களை அண்ணாந்து பார்த்துப் பார்த்துத்தான். விடிந்ததும் காப்பியைக்கூட முழுசாகக் குடிக்காமல் தோட்டத்துக்கு வந்துவிடுவாள். ஒவ்வொரு மரத்தின் உச்சியையும் பார்ப்பாள். எங்காவது ஓர் இலை பழுப்பாகத் தெரிந்துவிட்டால் போதும், அங்கேயே நின்றுவிடுவாள். கொக்கியால் கிளையை வளைத்து, இலையைப் பறித்து, வெயிலில் திருப்பிப் பார்த்து, வெறும் முதிர்ந்த இலைதான் என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வரும். அடுத்த மரத்துக்குப் போனால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

அவளை மட்டும் சொல்லி என்ன? எங்கள் மலையூர் ஓஸ்துனிக்குக் கீழே கடல் வரைக்கும் கிடக்கும் அந்தச் செம்மண் சமவெளியில் அப்போது எல்லாருக்கும் இதே கழுத்து வலிதான். தெற்கேயிருந்து அது வந்துகொண்டிருந்தது. விஞ்ஞானிகள் அந்த மரநோய்க்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஊரில் யாரும் அந்தப் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள், சொன்னால் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடுமோ என்று. முதலில் தெற்குக் கோடியில் கல்லிப்போலிப் பக்கம் என்றார்கள், எங்கேயோ தூரத்தில்தானே என்று இருந்தோம். அப்புறம் லெச்சே என்றார்கள். அப்புறம் ஓரியா. கிளை நுனியிலிருந்து கருகத் தொடங்கும். அடுத்த கோடையில் பாதி மரம் போகும். அதற்கும் அடுத்த கோடையில் மரம் நிற்கும், உயிர் இருக்காது. மருந்து கிடையாது.

புல்லில் எச்சில் துப்பிய மாதிரி நுரை கட்டி, அதற்குள் வளரும் ஒரு துக்கடாப் பூச்சிதான் அதைச் சுமந்துகொண்டு திரிகிறது என்றார்கள். இறகு முளைத்ததும் மரமேறிச் சாறு குடிக்குமாம். ஒரு மரத்தில் குடித்த வாயோடு இன்னொரு மரத்துக்குப் போகுமாம். சட்டை மடிப்பில், கார் இருக்கையில், ஷூவில் ஒட்டிக்கொண்டுகூட ஊர் விட்டு ஊர் வருமாம். ஒரு மரத்தில் கண்டுபிடித்தால் அரசாங்கத்து ஆட்கள் வந்து அதை வேரோடு சாய்ப்பார்கள், சுற்றிலும் இருக்கிற மரங்களையும் விடாமல் சோதிப்பார்கள். இதைக் கேட்டதிலிருந்து ஊரில் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. தெற்குப் பக்கம் போய் வந்தவன் வீட்டு வாசலில் யாரும் நின்று பேசுவதில்லை.

கோசிமாவின் தோட்டத்தில் நடுநாயகமாக ஒரு மரம். அதற்குப் பெயர் பெரியவர். ரோமாபுரி ராஜாக்கள் காலத்து மரம் என்று கேமராவோடு வருகிறவர்கள் சொல்லுவார்கள், கூடவே நின்று பார்த்த மாதிரி. கோசிமாவுடைய அப்பாவின் தாத்தா பிறந்தபோதே அது கிழடு என்பது மட்டும்தான் நிச்சயம். அடிமரம் பிழிந்து போட்ட துணி மாதிரி முறுக்கிக்கொண்டு, நடுவில் ஓர் ஆள் உட்காரும் பொந்தோடு இருந்தது. கிழக்குப் பக்கம் ஒரு கிளை தாழ்ந்து, தரையைப் பார்த்து வளைந்து, மறுபடி மேலே ஏறியது. கோசிமா நடக்கப் பழகியதே அந்தக் கிளையைப் பிடித்துக்கொண்டுதான்.

அவளுக்குத் தெரிந்த உலகம் அந்தத் தோட்டம்தான். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் குளிரில் குத்தவைத்து, தரையில் விழுந்த காயைப் பொறுக்கினாள். பொறுக்கிப் பொறுக்கி விரல்கள் வளைந்தன, அப்புறம் நிமிரவே இல்லை. செக்கில் வேலை பார்த்த மார்த்தீனோவைக் கட்டினாள். இரண்டு பிள்ளைகள் பெற்றாள், இரண்டும் வடக்கே தொரீனோவுக்கு வேலைக்குப் போய்விட்டன. மார்த்தீனோ ஓர் அறுவடைக் காலத்தில், காய் விழ விரித்த வலையின்மேலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தான், எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் போனில் கூப்பிட்டு, வித்துட்டு வந்துரும்மா என்பார்கள். இவள் பேச்சை மாற்றி, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பாள்.

தம்பி ஒருவன் உண்டு, ஒரோன்சோ. கல்லிப்போலிப் பக்கம் பெண் எடுத்து, வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவன். மாமனாருக்கு அங்கே நல்ல ஒலிவத் தோப்பு. அப்பா செத்ததும் இங்கேயுள்ள தோட்டத்தில் பாதி இவனுக்கும் வந்தது. வந்ததும் வராததுமாக, கிழட்டு மரங்களைப் பெயர்த்து வடக்கே பணக்காரர்களின் வீட்டுத் தோட்டத்தில் நட்டுவைக்கும் ஒரு வியாபாரியைக் கூட்டிக்கொண்டு வந்தான். பெரியவரைத் தூக்கக் கிரேன் வந்து நின்றது. கோசிமா பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்கும் வெளியே வரவில்லை. கிரேன்காரன் சிகரெட் பிடித்துப் பிடித்துச் சலித்துப்போய்ச் சாயங்காலம் கிளம்பினான்.

"மரத்தைக் கட்டிக்கிட்டு அழு. இனி உன் வாசல் மிதிக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு ஒரோன்சோவும் போனான். தன் பங்கை அக்கா பேருக்கே எழுதிக் கொடுத்தான், அதையும் வேறோர் ஆள் கையில்தான் அனுப்பினான். அதற்கப்புறம் பேச்சு வார்த்தை இல்லை.

பிறகுதான் தெற்கே அது வந்தது. மாமனார் தோப்பு கருகுகிறது என்ற செய்தி செக்குக்கு வந்தபோது கோசிமா அங்கேதான் நின்றிருந்தாள். "அவனுக்கு மரம்னா விறகுதானே. இப்ப வேணுங்கற அளவு கிடைச்சிருக்கும்," என்றாள். சொல்லி முடித்ததுமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் செக்கில் சொன்ன வார்த்தை எண்ணெயைவிட வேகமாக ஓடும். அது தம்பி காதுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்த வார்த்தைக்குத் தண்டனையாகத்தான் அது தன் தோட்டத்தைத் தேடி வரப்போகிறது என்றும் அவள் நம்பினாள். யாரிடமும் சொல்லாத நம்பிக்கை அது.

குருத்தோலை ஞாயிறு வந்தது. எங்கள் பக்கம் அன்றைக்குக் குருத்தோலைக்குப் பதில் ஒலிவக் கிளைதான். பூசைக்கு முன்னால் பங்குச் சாமியார் முற்றத்தில் நின்று, கோயில் கூடையில் குவித்த கிளைகளையும் ஊரார் கையோடு கொண்டுவந்த கிளைகளையும் மந்திரிப்பார். மந்திரித்த கிளையை, பேசாமல் இருக்கிறவனிடம் போய் நீட்டி, சமாதானம் என்று சொன்னால் அத்தோடு சண்டை முடிந்தது. வாங்கமாட்டேன் என்று சொல்ல முடியாது. அப்படிச் சொன்னவர்களை ஊர் இரண்டு தலைமுறைக்குப் பேசும். எந்த மரத்தில் ஒடித்தது என்றும் கேட்கக் கூடாது, பரிசுப் பொருளின் விலையைக் கேட்ட மாதிரி ஆகும். வாங்கின கிளையைத் தோட்டத்தில் மூத்த மரத்தில் கட்ட வேண்டும். அடுத்த குருத்தோலை ஞாயிறு வரைக்கும் அவிழ்க்கக் கூடாது. நடுவில் அவிழ்த்தால் சமாதானமும் அவிழ்ந்துவிடும்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவன் வந்தான். புத்தம்புது சூட்டு, முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும் ஷூ. கோயில் வாசலில் நிறுத்தியிருந்த காரும் அப்போதுதான் கழுவினது மாதிரி மின்னியது. மாப்பிள்ளை ஊர்வலம் வந்திருக்கிறது பார் என்று மனசுக்குள் கேலி செய்த பிறகுதான் கோசிமாவுக்கு அவனை அடையாளம் தெரிந்தது. தலை முழுக்க நரைத்திருந்தான்.

"அக்கா," என்றான் ஒரோன்சோ. கையில் ஓர் ஒலிவக் கிளை. "சமாதானம்."

கோசிமா அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கிளையைப் பார்த்தாள். கல்லிப்போலிப் பக்கத்திலிருந்து வந்தவன் கையில் கிளை. அந்தப் பக்கத்திலிருந்து ஓர் இலைகூட வெளியே போகக் கூடாது என்று சட்டமே போட்டிருந்தார்கள். முற்றம் முழுக்கப் பேச்சு நின்று, எல்லாரும் இவர்களையே பார்த்தார்கள். கிளை பசேலென்று இருந்தது, ஒடித்த இடத்தில் ஈரம்கூடக் காயவில்லை. வழியெல்லாம் தண்ணீரில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறான் என்று நினைத்தாள். வாங்கினால் மரம் போகும், வாங்காவிட்டால் தம்பி போவான். கை தானாக நீண்டது.

"சமாதானம்," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

பூசை முடிந்து வெளியே வரும்போது கத்தால்டோ பக்கத்தில் வந்தான். அவள் தோட்டத்துக் கல்சுவருக்கு அந்தப் பக்கம் அவனுடைய தோட்டம். அப்பா காலத்திலிருந்து பழக்கம்.

"எந்த ஊர்க் கிளை, கோசிமா?"

"கோயில் கூடையில எடுத்தது."

"உன் தம்பி கையிலருந்துல்ல வந்துச்சு."

"அவனும் கூடையிலதான் எடுத்தான். உனக்கென்ன, விசாரணைக் கமிஷனா?"

கத்தால்டோ அவள் கையில் இருந்த கிளையை ஒரு தடவை பார்த்தான், பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு நடந்தான்.

ஒரோன்சோ தோட்டத்துக்குள் வந்ததும் நேரே பெரியவரிடம் போனான். பட்டையில் கையை வைத்துத் தடவினான். பிறகு பொந்துக்குள் தலையை விட்டுப் பார்த்தான்.

"ஆலங்கட்டி மழையில அப்பா நம்ம ரெண்டு பேரையும் இதுக்குள்ள திணிச்சு, முதுகைக் காட்டி வாசல்ல நின்னாரே, ஞாபகம் இருக்காக்கா?"

"இருக்கு. நீ என் மடியில ஒண்ணுக்கு விட்டதும் ஞாபகம் இருக்கு."

"அது மழைத்தண்ணி."

"மழை எங்கடா சூடா பெஞ்சுது?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்கும்போதும் கோசிமாவின் கண் கையிலிருந்த கிளையை விட்டு அகலவில்லை. "அப்பா கட்டற இடத்துலயே கட்டுக்கா," என்றான் தம்பி. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது கட்டாமல் இருக்க முடியுமா? கிழக்குக் கிளையில் ஒரு கயிற்றுத் துண்டால் கட்டினாள். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. வயசாச்சுல்ல என்றான் அவன், அவளும் ஆமா என்றாள்.

மத்தியானம் மொச்சைக் கூழும், மரத்தடியில் பிடுங்கின காட்டுக் கீரையும் வைத்தாள். "அங்க மரமெல்லாம் எப்படிடா இருக்கு?" என்று கேட்டதற்கு, "அத விடுக்கா, கீரை இன்னும் இருக்கா?" என்று தட்டை நீட்டினான். சாயங்காலம் அவன் கார் கிளம்பிப் போனது. கோசிமா வாசலில் நின்று கையாட்டிவிட்டு, கார் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தாள்.

மறுநாள் காலை பெரியவரின் அடியில் புல்லில் நுரையைப் பார்த்தாள். நுரை ஒவ்வொரு வசந்தத்திலும் இருப்பதுதான், சின்ன வயதில் அதைத் தொட்டு விளையாடியிருக்கிறாள். ஆனால் இப்போது அது அவளுக்கு வேறாகத் தெரிந்தது. நுரையை விலக்கினாள். பச்சையாக, கண்ணுக்கு லேசில் தெரியாத ஒரு குட்டிப் பூச்சி உள்ளே நெளிந்தது. மேலே தம்பியின் கிளை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதை அவிழ்க்க நினைத்தாள். அவிழ்த்தால் சமாதானம் போகுமே என்று பயந்தாள். அவிழ்க்காவிட்டால் பெரியவர் போவாரே என்றும் பயந்தாள். இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில் நாட்கள் போயின. கடைசியில் ஒருநாள் போய் அவிழ்த்து, பாவாடை மடிப்புக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, சிலுவை போட்டுக்கொண்டு அடுப்பில் வைத்தாள். பச்சைக் கிளை எண்ணெயோடு சடசடவென்று எரிந்தது.

அதோடு நிம்மதி வந்துவிடவில்லை. தரையில் ஒரு புல் இல்லாமல் உழுதாள். மரத்தடியில் முளைத்ததைக் கையால் பிடுங்கினாள். கீரையையும் சேர்த்துப் பிடுங்கி எறிந்தாள். கத்தால்டோ சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்ன இந்த வருஷம் தரைக்கு மொட்டையடிச்சுட்டே?" என்று கேட்டான். "பாம்பு வருது," என்றாள்.

ஒரோன்சோ ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்தான்.

"கிளை இருக்காக்கா?"

"இருக்கு."

"பெரியவர் எப்படி இருக்கார்?"

"இருக்கார்."

"அறுவடைக்கு நான் வரட்டுமா? எனக்கு இங்க வேலை ஒன்னும் இல்ல."

"அப்ப பாத்துக்கலாம்," என்று சொல்லிவிட்டு போனை வைப்பாள். வைத்தபின் போனைத் துடைப்பாள். ஏன் துடைக்கிறோம் என்று அவளுக்கே வெட்கமாக இருக்கும்.

ஜூலையில் அவள் பயந்தது நடந்தது. கிழக்குக் கிளையின் நுனியில், கயிறு கட்டியிருந்த இடத்துக்குச் சற்று மேலே, ஒரு கொத்து இலை கருகியிருந்தது. கோசிமா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, பறித்து, வெயிலில் காட்டிப் பார்த்தாள். முதிர்ந்த இலை இல்லை, ஓரமெல்லாம் தீய்ந்த இலை. இரண்டு நாளில் பக்கத்துக் கொத்தும் வாடியது. யாரிடம் கேட்பது? கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்தால் ஆட்கள் வருவார்கள், வந்தால் பெரியவர் சாய்வார். விஷம் கையில் ஏறினால் கையை எடுத்து உயிரைக் காப்பாற்றுவதில்லையா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மார்த்தீனோவின் சங்கிலி ரம்பத்தைக் கொட்டகையிலிருந்து இறக்கினாள்.

அந்தக் கிளை அவள் இடுப்புப் பருமன். அடியோடு அறுத்தாள். அது சாயும்போது முனகின மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவள் ரம்பத்தைக் கீழே போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். நடக்கப் பழகின கிளை. பொத்திக்கொண்டு திரும்பினால் கத்தால்டோ நிற்கிறான்.

"ஜூலையில எவன் கிளை வெட்டுவான், கோசிமா?"

அவன் குனிந்து, கருகின கொத்தை எடுத்துப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"குருத்தோலை ஞாயிறு அன்னிக்கு வந்த கிளை. அது கூடையில எடுத்தது இல்ல. அப்படித்தான?"

"ஆமா."

"தெற்கேருந்து கொண்டுவந்தது."

"ஆமா. எரிச்சுட்டேன். அப்பவே எரிச்சுட்டேன், கத்தால்டோ."

"சுவத்துக்கு அந்தப் பக்கம் என் மரம் நிக்குது. தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சும் இத்தனை மாசம் என்கூட உக்காந்து காப்பி குடிச்சிருக்கே." சத்தம் போட்டிருந்தால்கூட அவளுக்குப் பரவாயில்லை. அவன் மெதுவாகத்தான் சொன்னான். "நாளைக்கு விவசாய ஆபீசுக்கு நீயே சொல்றியா, இல்ல நான் சொல்லட்டுமா?"

அவளே சொன்னாள். ஒரு பெண்ணும் இரண்டு பையன்களும் வந்தார்கள். நீளக் கழியால் பெரியவரின் நாலு பக்கமும் குச்சிகளை வெட்டிப் பையில் போட்டார்கள். வெட்டிப்போட்ட கிளையிலிருந்தும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். கத்தால்டோவின் மரங்களிலும் எடுத்தார்கள். அந்தப் பெண் தன்மையாகத்தான் பேசினாள், ஆனால் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. பரிசோதனை முடிவு வரட்டும் என்றாள்.

முடிவு வரும் வரைக்கும் கோசிமா பட்ட பாடு நாய் படாது. ரொட்டிக் கடையில் அவள் நுழைந்தால் வரிசை தானாக விலகி வழிவிட்டது. கத்தால்டோ எதிரில் வந்தால் தலையைத் திருப்பிக்கொண்டான். போகிற வருகிற வண்டிச் சத்தமெல்லாம் மரம் பிடுங்கும் இயந்திரமாகக் கேட்டது. ஒரு நாள் பொந்துக்குள் போய் உட்கார்ந்து பார்த்தாள். முன்பு கிரேனை நிறுத்த முடிந்தது. இதை நிறுத்த முடியாது என்று உட்கார்ந்ததும் தெரிந்துவிட்டது. அந்த ஞாயிறு ஒரோன்சோ போன் செய்து, வலையெல்லாம் தைக்க முன்னாடியே வந்துரட்டுமா, அறுவடை எப்போது என்று உற்சாகமாகக் கேட்டபோது, அவளுக்குள் இருந்த பயம் முழுக்க வாய்வழியாக வந்தது.

"நீ வர வேண்டாம். உன் கால் தூசி என் மண்ணுல படவே வேண்டாம். புரியுதா?"

"சரிக்கா," என்று சொல்லிப் போனை வைத்தான். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் அடிக்கவில்லை.

செப்டம்பரில் ஆபீசிலிருந்து அந்தப் பெண் நேரில் வந்தாள். வாசலில் அவளைப் பார்த்ததும் கோசிமா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது இல்லம்மா. உங்க மரத்துலயும் இல்ல, பக்கத்துலயும் இல்ல."

"கருகினதே?"

அந்தப் பெண் ஒரு சின்ன டப்பாவைத் திறந்து காட்டினாள். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகளோடு செத்துப்போன ஒரு புழு. "குடைபுழு. கிளைக்குள்ள ஓட்டை போட்டுக்கிட்டு இருந்துச்சு. எப்பவும் வர்றதுதான். ஒரு கம்பியை உள்ள விட்டுக் குத்தியிருந்தாப் போதும்." கோசிமாவுக்கும் குடைபுழு தெரியும். அப்பா கம்பியோடு மரமேறுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். பயத்தில் அது நினைவுக்கே வரவில்லை. அந்தப் பெண் போகும்போது, "இந்த வருஷம் இல்ல. அடுத்த வருஷம் மறுபடி வந்து பாப்போம்," என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

நவம்பரில் புது எண்ணெய் வந்தது. புது எண்ணெயைக் கூடப் பிறந்தவர்களுக்குக் கொடுக்காமல் ஒரு வீட்டில் தாளிக்கக் கூடாது. கோசிமா ஒரு தகர டப்பாவை நிறைத்துக் காரில் வைத்துக்கொண்டு தெற்கே கிளம்பினாள். எண்ணெய் ஒரு காரணம். இன்னொன்று, அவளுக்கு அவன்மேல் கோபம் ஆறவில்லை. அவன் அந்தக் கிளையைக் கொண்டுவராமல் இருந்திருந்தால் அவள் இப்படிப் பயந்திருப்பாளா? பெரியவருக்குக் கை போயிருக்குமா? இதை முகத்துக்கு நேரே கேட்க வேண்டும், கேட்டுவிட்டு எண்ணெயைக் கொடுக்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்தாள்.

லெச்சே தாண்டியதும் வார்த்தைகள் கலைந்தன. சாலையின் இரண்டு பக்கமும் சாம்பல் நிறம். மரங்கள் நிற்கின்றன, இலை இல்லை. அறுவடைக் காலம், ஆனால் ஓரிடத்திலும் வலை விரிக்கவில்லை, இயந்திரச் சத்தம் இல்லை, செக்கிலிருந்து வரும் வாசனை இல்லை. கேள்விப்பட்டிருந்தாள், ஆனால் கேட்டதும் பார்த்ததும் ஒன்றாக இல்லை. கார் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக்கொண்டாள். நம்ம ஊரும் இப்படித்தான் ஆகும் என்ற எண்ணம் வந்ததும் சாலையோரம் நிறுத்தி, கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டாள்.

ஒரோன்சோ வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தான். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். கோசிமாவைக் கண்டதும் கோடாலியைக் கீழே வைத்து, கையைச் சட்டையில் துடைத்தான். கிட்டே வரலாமா என்று தெரியாதவன் மாதிரி அங்கேயே நின்றான். கோசிமா அவனைத் தாண்டித் தோப்பைப் பார்த்தாள். வரிசை வரிசையாகச் செத்த மரங்கள். அடியில் துளிர்க்கும் சின்னக் குருத்துகூடக் கருகித்தான் இருந்தது. ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை கண்ணால் தேடினாள்.

"ஒரோன்சோ. எந்த மரத்துலடா ஒடிச்சே?"

"எது?"

"குருத்தோலை ஞாயிறு கொண்டுவந்தியே, அந்தக் கிளை."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "இங்க எங்கக்கா ஒடிக்க? ரெண்டு வருஷமா இந்தத் தோப்புல பச்சைன்னு ஒன்னு கிடையாது. அன்னிக்குக் காலையில, பூசைக்கு முன்னாடி, உன் தோட்டத்துக்குத்தான் முதல்ல வந்தேன். நீ கோயிலுக்குக் கிளம்பிட்டே. பெரியவர்கிட்டதான் ஒடிச்சேன். கிழக்குக் கிளையில. கேட்டுட்டுத்தான் ஒடிச்சேன்."

"யார்கிட்டடா கேட்டே?"

"அவர்கிட்டதான்."

கோசிமா டப்பாவைத் தரையில் வைத்தாள்.

"ஏன்டா சொல்லல?"

"விக்கப் பாத்த மரம். அதுலயே ஒடிச்சிட்டு வந்து சமாதானம்னு நீட்டினேன்னு எப்படிச் சொல்ல? வெறுங்கையோட வரவும் முடியாது. நீயும் எங்க ஒடிச்சேன்னு கேக்கல."

"கேக்கக் கூடாதேடா."

"ஆமா. கேக்கக் கூடாது."

அவனே தொடர்ந்தான். "இங்கேருந்து ஒரு துரும்பு எடுத்துட்டு வருவேனா, அக்கா? அன்னிக்கு வர்றதுக்கு முன்னாடி காரை உள்ளயும் வெளியயும் கழுவினேன். தோப்புப் பக்கம் போட்டுட்டுப் போன துணி எதுவும் வேண்டாம்னு கடையிலருந்து புதுசா வாங்கி, கடையிலயே மாத்திக்கிட்டேன். ஷூ உட்பட. அப்பவும் வழியெல்லாம் பயந்துட்டேதான் வந்தேன். என்னால பெரியவருக்கு ஒன்னு ஆயிருச்சுன்னா என்ன பண்றதுன்னு."

மாப்பிள்ளை ஊர்வலம் என்று கேலி செய்தது கோசிமாவின் நினைவுக்கு வந்தது. அவன் வைத்த காப்பியைக் குடித்தாள். புது எண்ணெயை ரொட்டியில் ஊற்றிக் கொடுத்தான், அவனும் தின்றான். தொண்டையில் காரம் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டு, "நம்ம எண்ணெய்," என்றான்.

அவள் கிளம்பும்போது ஒரு தூரிகையும் வாளித் தண்ணீரும் கொண்டுவந்தான். "காரில உக்காருக்கா, காலை மட்டும் வெளியே நீட்டு. இங்கேருந்து ஒன்னும் உன்கூட வரக் கூடாது," என்றான். மண்ணில் முட்டிபோட்டு உட்கார்ந்தான். பாவாடை ஓரத்தைத் தட்டினான். மடிப்பை விரித்துப் பார்த்தான். அவள் ஷூக்காலை மடியில் வைத்துக்கொண்டு, அடியில் ஒட்டியிருந்த மண்ணைத் தேய்க்க ஆரம்பித்தான்.

"நான் ஒடிச்ச இடத்துல துளிர்த்திருக்குமே," என்றான் தேய்த்துக்கொண்டே. "கிழக்குக் கிளை இந்த வருஷம் நல்லாக் காய்ச்சுதா? இந்த எண்ணெயில அதுவும் இருக்கும்ல?"

கோசிமாவுக்குப் பயம் வந்தது. ஆட்கள் வந்தபோதும், முடிவுக்குக் காத்திருந்தபோதும் வந்த பயத்தைவிடப் பெரிய பயம். இருக்கு என்று சொல்லிவிடலாம். போனில் சொன்ன மாதிரி.

"கிழக்குக் கிளை இல்லடா. நான் வெட்டிட்டேன். நீ கொண்டுவந்தது இங்கேருந்துன்னு நினைச்சு, பயத்துல, அடியோட வெட்டிட்டேன்."

ஒரோன்சோவின் கை நின்றது. தூரிகையிலிருந்து தண்ணீர் சொட்டி அவன் முழங்காலை நனைத்தது. அவன் நிமிரவில்லை. அவன் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வான் என்று அவள் காத்திருந்தாள்.

கழுவின காலை மெல்ல எடுத்துக் காருக்குள் வைத்தான்.

"இன்னொரு காலைக் குடுக்கா," என்றான்.